மகளுக்கு வாங்கிய பழைய துவக்கு

நான்கு வருடங்களுக்கு முன்பு, சுவிஸின் பேர்ண் நகரம் புகாரில் மூடிக் கிடந்த ஒரு நவம்பர் மாதத்தில் நடந்தது இது. அப்போது என் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே நானும் அவளும் இரண்டு வருடமாகச் சரியாகக் கதைப்பதில்லை. காரணம் துவக்கு.

அவள் தன் சிநேகிதியோடு போய்த் துவக்குச் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்திருந்தாள். இந்த நாட்டில் அது பந்தடிக்கிற மாதிரி ஒரு விளையாட்டு. எனக்கு அப்படி இல்லை. ஊரில் சண்டை நடந்த காலத்தில் என் அண்ணனை எங்கள் ஒழுங்கையிலேயே சுட்டுப் போட்டிருந்தார்கள். எந்தப் பக்கத்தின் துவக்கு என்று இன்றுவரை தெரியாது. அவள் கழகத்தில் சேர்ந்த அன்று, "என்ர வீட்டில துவக்குக் கதை கதைக்கக் கூடாது" என்று கத்தினேன். பிள்ளை அந்தக் கதையோடு மற்றக் கதைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். சாப்பிட்டியா என்றால் ஓம். படிச்சியா என்றால் ஓம். அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் அவள் நிறுத்தவில்லை. எங்கள் ஆட்களின் வீடுகளில் டொச்சுக் கடிதங்களை, அதாவது ஜெர்மன் மொழிக் கடிதங்களை, பிள்ளைகள்தான் வாசிப்பார்கள். வரிக் கடிதம், வைத்தியக் காப்புறுதி, வீட்டுக்காரன் கடிதம் எல்லாவற்றையும் எட்டு வயதிலிருந்து அவள்தான் வாசித்து, எனக்குத் தமிழில் சொல்லி, "இதில சைன் வையுங்கோ" என்று விரலால் காட்டுவாள். நானும் விரல் காட்டிய இடத்தில் வைப்பேன். கோபமாக இருந்த அந்த இரண்டு வருடத்திலும் வாசித்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஒருநாள் அவள் காலுறை வைக்கிற மேசை லாச்சியில் ஒரு பதக்கம் கிடந்ததை மனைவி எனக்குக் காட்டினாள். கழகத்தின் இரவல் துவக்கில் சுட்டு, மாநிலப் போட்டியில் மூன்றாம் இடம் வந்திருக்கிறாள். வந்தும், அப்பா காணக்கூடாது என்று ஒளித்து வைத்திருக்கிறாள். அன்று வேலையில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில்களும் தள்ளுவண்டிகளும் திருத்துவது என் வேலை. ஒரே சில்லை இரண்டு தரம் கழற்றிப் பூட்டினேன். எப்படியாவது பிள்ளையை என் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்ற ஒரே எண்ணம்தான் மனதில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கடை வாசல் பலகையில் கையால் எழுதிய ஒரு துண்டு கண்ணில் பட்டது. இருபத்திரண்டு காலிபர், சிறுரவைத் துவக்கு, பாவித்தது, தொலைநோக்கியோடு. எவ்வளவோ யோசித்துவிட்டுத்தான் தொலைபேசி எடுத்தேன்.

பஸ்ஸில் அரை மணித்தியாலம் தள்ளி ஒரு கிராமம். விற்றவர் எண்பது வயது தாண்டிய ஒரு சுவிஸ் அம்மா. கணவன் வசந்தத்தில் இறந்துவிட்டாராம். கோப்பி தந்தார், உலர்ந்த கேக் தந்தார். அவருடைய பேர்ண் டொச்சில் பாதிதான் எனக்கு விளங்கியது. துவக்கை ஒரு கம்பளித் துணியில் சுற்றி வைத்திருந்தார். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்த ஒப்பந்தத் தாளைச் சமையலறை மேசையில் விரித்தார். நிரந்தரமாக இருக்க விடுகிற சி பெர்மிட் இருந்தால் போதும் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். என்னிடம் இருந்தது. குடியுரிமை என்ற இடத்தில் இலங்கை என்று உள்ளபடியே எழுதினேன். மனைவியும் மகளும் சுவிஸ் பாஸ் எடுத்தபோது, நேர்முகத்தில் டொச் கதைக்க வேண்டுமே என்ற பயத்தில், பிறகு பார்ப்போம் என்று விட்டவன் நான். அம்மா விரலால் ஓரிடத்தைக் காட்டினார். நான் கையொப்பம் வைத்தேன். தாளின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஏதோ நிறைய இருந்தது.

மகளிடம் காட்டாத முதல் தாள் அது. காட்டினால் பரிசு என்ன பரிசு?

வெளிக்கிடும்போது அம்மா ஒன்றுதான் கேட்டார். முதல் சுடும் இலக்குத் தாளைத் தனக்கு அனுப்ப வேண்டும். நாற்பது வருடமாக அவர் கணவன் ஒவ்வொரு சனிக்கிழமையும் தாளைக் கொண்டுவந்து அந்த மேசையில்தான் போடுவாராம்.

பஸ்ஸில் துவக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்க வேர்க்க இருந்தேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தொலைநோக்கி தனியாகக் கழன்று பெட்டியில் இருந்தது. அதைப் பூட்டுவதற்கு இரண்டு சனிக்கிழமை எடுத்தேன். வீட்டின் நிலக்கீழ் அறையில், குழலின் பின்வாயை மூடுகிற பூட்டை உருவி வெளியே வைத்துவிட்டு, வெறும் குழலுக்குள்ளால் எதிர்ச் சுவரில் ஒட்டிய கறுப்புப் பொட்டைப் பார்ப்பேன். பிறகு தொலைநோக்கிக்குள் தெரியும் குறுக்குக் கோடு அதே பொட்டில் வந்து நிற்கும்வரை குமிழைத் திருகுவேன். கோடு சரிந்திருக்கிறதா என்று பார்க்க, நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டேன். துவக்கு என்றால் நடுங்குகிற மனிதன், அதன் திருகாணிகளை ஒவ்வொன்றாக அளந்து இறுக்கிக்கொண்டிருந்தேன். பயம் போகவில்லை.

அவளிடம் கொடுத்தபோது, தொலைநோக்கியின் திருகாணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்பா, நீங்களும் வாறீங்களோ?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

கழகத்தில் முதல் மூன்று ரவையும் மேலே, வலப்பக்கம் போய் விழுந்தன. அவள் படுத்தபடி, "இன்னும் கொஞ்சம் கீழ, அப்பா" என்பாள். நான் குமிழை இரண்டு கிளிக் திருப்புவேன். "இடப்பக்கம் ஒண்டு." திருப்புவேன். எங்களுக்குள் கதை என்று திரும்பத் தொடங்கியது இப்படித்தான், கிளிக் கிளிக்காக. கடைசியில் ஐந்து ரவை சுட்டாள். இலக்குத் தாளைக் கொண்டுவந்து பார்த்தால் நடுவில் ஒரே ஓட்டை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நான் அழுதேன், ஒளிக்க என்ன இருக்கிறது?

துவக்கைக் கழகப் பதிவில் எழுதுவதற்காக அங்குள்ள பொறுப்பாளர் ஒப்பந்தத்தைக் கேட்டார். நான் பையிலிருந்து எடுத்து, பழக்கதோஷத்தில் மகளிடம் நீட்டினேன். அவளும் பழக்கதோஷத்தில் வாசித்துத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். தாளைத் திருப்பினாள்.

"அப்பா, இதில சில நாடுகளின்ர பேர் போட்டிருக்கு. அந்த நாட்டு ஆக்கள் ஆயுதம் வாங்கவோ வச்சிருக்கவோ..."

அவளுடைய விரல் அந்தப் பெயர்களில் இறங்கி ஓரிடத்தில் நின்றது. பிறகு மெல்லிய குரலில், "இலங்கையும் இருக்கு" என்றாள்.

பொறுப்பாளர் நல்ல மனிதர். துவக்கை அவரே வாங்கிப் பூட்டி வைத்தார். இன்றைக்கே நீங்களாகப் பொலிசுக்குப் போங்கள், அதுதான் நல்லது என்றார். போனோம். அங்கேயும் மரியாதையாகத்தான் கதைத்தார்கள். மகள் என் குற்றத்தை வரி வரியாக டொச்சில் சொல்லி, அவர்கள் கேட்டதை வரி வரியாகத் தமிழில் எனக்குத் திருப்பிச் சொன்னாள். எந்தத் தகப்பனுக்கும் அப்படி ஒரு பின்னேரம் வரக்கூடாது.

திரும்பி வரும்போது ட்ராமில், "எனக்குக் காட்டியிருக்கலாமெல்லோ" என்றாள்.

"காட்டினா அது பரிசில்லையே பிள்ளை."

"எனக்குத் துவக்கு வேணுமெண்டு நான் கேக்கேல்லை அப்பா. நீங்க ஒருக்கா வந்து பாத்திருந்தாலே போதும்."

எனக்குத் தண்டனைக் கடிதம் வந்தது. குற்றப் பதிவு விழுந்துவிட்டதால் சுவிஸ் பாஸ் எடுக்கும் யோசனையைச் சில வருடங்களுக்கு மறந்துவிட வேண்டும் என்று மகள்தான் வாசித்துச் சொன்னாள். அது என் தலைவிதி என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் தடை செய்யப்பட்ட ஒருவனுக்கு ஆயுதம் கொடுத்ததற்காக அந்த அம்மாவுக்கும் கடிதம் போயிருந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க மகளோடு போனேன். மழை. அம்மா கதவைத் திறந்தார், உள்ளே வரச் சொல்லவில்லை. தன் வீட்டுச் சமையலறை மேசையில் பொலிஸ்காரர் வந்து இருந்தது இதுதான் முதல் தடவை என்றார். குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. மகள் எனக்காகவும் தனக்காகவும் மன்னிப்புக் கேட்டாள். துவக்கு என்னவாகும் என்று கேட்டாள். திருப்பித் தரலாம் என்று பொலிசில் சொன்னார்களாம். அம்மா வேண்டாம் என்றுவிட்டாராம். அழித்துவிடுவார்கள்.

நான் இலக்குத் தாளை நீட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடி மாட்டி, கதவடியில் நின்றே பார்த்தார். அந்த ஒற்றை ஓட்டையை விரலால் தடவினார்.

"என்ர மனுசனுக்கு எப்பவும் இடப்பக்கம் விலகும்" என்று அம்மா சொன்னதாக மகள் எனக்குச் சொன்னாள்.

தாளை மடிக்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நாங்கள் அவரைக் காணவில்லை.

மகள் இப்போது மறுபடியும் கழகத்தின் இரவல் துவக்கில்தான் சுடுகிறாள். நான் போய்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன். ஒன்றையும் தொடுவதில்லை. என் கடிதங்களை இன்றும் அவள்தான் வாசிக்கிறாள். அன்றிலிருந்து எந்தத் தாளையும் முதலில் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் முன்பக்கத்துக்கு வருகிறாள். அவள் அப்படித் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் மேசை என் கண்முன் வருகிறது. பெற்ற பிள்ளைக்கு ஒரு பரிசு வாங்கப் போவதென்றாலும், இந்த நாட்டில் நான் யாரென்று எழுதியிருப்பதை வாசித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது, முப்பது வருடம் இங்கே இருந்த பிறகு, அந்த அம்மாவின் நிம்மதியைக் கெடுத்துத்தான் எனக்கு விளங்கியது.