சுமார் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு கேலக்சி

நேற்று காலை எங்கள் வீட்டு ஹாலில் நான் வானியல் பேராசிரியர் ஆனேன்.

(உண்மையில் நான் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். வானத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, சாரல் விழுந்தால் கொடியில் கிடக்கும் யூனிஃபார்மை எடுப்பது மட்டுமே.)

தங்கைக்கு இன்று ஆன்லைனில் பிஎச்.டி. இன்டர்வியூ. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் குத்துக்கல்வலசை டியூஷன் சென்டர்தான் கதி என்று மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

"என்னட்ட கேள்வி கேட்டுப் பழக்குக்கா" என்றாள்.

கேட்டேன். "என்னத்தட்டி ஆராய்ச்சி பண்ணப் போற?"

"ஆதியில பொறந்த கேலக்சிய. அதோட வெளிச்சம் இங்கன வந்து சேரவே அம்புட்டு காலம் ஆகும்க்கா. இன்னைக்கு நாம பாக்கது அதோட சின்ன வயசு போட்டோ."

இதுவரை புரிந்தது. கல்யாண புரோக்கர் கொண்டுவரும் போட்டோவும் அப்படித்தான்.

"போட்டோல பச்சப்புள்ளயா இருக்கணும். ஆனா சிலது கெழடாத் தெரியுது. அதான் கொழப்பம்."

"கெழடுன்னு எத வச்சுச் சொல்லுத?"

"நெறத்த வச்சு. அதுக்குள்ள இளசான நட்சத்திரம் நெறைய இருந்தா நீலம். வயசானது மட்டும் மிஞ்சினா செவப்பு."

நிறத்தைப் பார்த்து வயசு எழுதி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

போன வருஷம் பஸ் ஸ்டாண்டில் காய்ச்சலோடு நினைவில்லாமல் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தலை முழுக்க நரை. 'சுமார் 60 வயது மதிக்கத்தக்க ஆண்' என்று எழுதினேன். அன்று சாயங்காலமே ஒரு பெண் வந்து, "எம் புருசனக் காணல, வயசு முப்பத்தெட்டு" என்று நின்றாள். அப்படி யாரும் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் நர்ஸ் ஈரத்துணியால் துடைத்ததும் தலை கறுத்துவிட்டது. நரை இல்லை, சிமெண்ட். மூட்டை இறக்குகிறவர். அந்தப் பெண்ணின் புருஷன். நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அவளிடம் இதைச் சொல்லி, "ஏட்டி, அந்தச் செவப்பும் தூசியா இருந்தா?" என்றேன்.

தங்கை அழுகையை நிறுத்தினாள். "தூசியும் செவப்பாத்தாங்க்கா காட்டும். எங்க ஆளுவளே இதுக்குத்தான் சண்ட போடுதாவ. நான் அந்தப் பாடத்த ஒழுங்காப் படிக்கல."

"கழுவிப் பாக்க முடியாதா?"

முறைத்துவிட்டுப் புத்தகத்தோடு உள்ளே போனவள், சோற்றுக்குத்தான் வெளியே வந்தாள்.

இன்று கதவில் காதை வைத்து நின்றேன். மூன்றாவது கேள்வியே அதுதான்: முதுமையா, தூசியா, எப்படிப் பிரிப்பாய்? இங்கிலீஷில் என்னென்னவோ சொன்னாள். கடைசியில், "அப்படியும் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுதுவேன், என் அக்கா ஒருமுறை அவசரப்பட்டு எழுதிவிட்டாள்" என்று சிமெண்ட் கதையையும் அவிழ்த்துவிட்டாள்.

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. என் மானம் போனது.

சாயங்காலம் மெயில் வந்தது. இடம் கிடைத்துவிட்டது. கட்டிப்பிடித்து இருவரும் அழுதோம்.

"சரி, இப்பவாவது சொல்லு. அந்த கேலக்சிக்கு என்ன வயசு?"

"தெரியலக்கா. அதக் கண்டுபிடிக்கத்தான் அஞ்சு வருசத்துக்கு மாசாமாசம் பணம் தாராவ."

எனக்கு இப்போதுதான் குழப்பம் முற்றிவிட்டது. 'வயது தெரியவில்லை' என்று நான் எழுதினால் இன்ஸ்பெக்டர் மெமோ கொடுப்பார். இவளுக்கு உதவித்தொகை.

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?