நான்காவது இன்ஜெக்டர்

புயல் என்று செய்தியில் சொன்னதும் முடிச்சூரில் நாங்கள் முதலில் பத்திரப்படுத்துவது காரைத்தான். வெள்ளத்தில் ஒரு காரைப் பறிகொடுத்த வீடு எங்களுடையது. அதனால் அக்டோபர் பிறந்ததும் என் காரை அஸ்தினாபுரத்தில், மேட்டுத் தெருவில் இருக்கும் நாத்தனார் வீட்டில் விட்டுவிடுவோம். போன மழைக்கு விட்டவர்கள் மார்ச் வரை எடுக்கவே இல்லை. டேங்கில் பெட்ரோல் கெட்டு, இன்ஜினுக்குள் அதைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களும் அடைத்துக்கொண்டன. கட்டி இழுத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புது பேட்டரி போட்டும் இன்ஜின் சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை.

என் கணவருக்கு அலுத்துவிட்டது. “திங்கக்கிழமை காலைல பழைய வண்டி வாங்கறவர் வரார். குடுத்துடலாம். நீ ட்ரெயின்ல போயேன்” என்றார்.

காட்டாங்குளத்தூரில் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட வண்டி அது. அது வந்த பிறகுதான் யாரையும் கேட்காமல் ஓர் இடத்துக்குப் போய்வரத் தொடங்கினேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போடாமல், சனிக்கிழமை காலையில் ஸ்பானர் பெட்டியை எடுத்தேன்.

வீடியோக்களைப் பார்த்துச் செய்முறையைத் தாளில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினைச் சுற்றவிட்டு, குழாயில் இருந்த அழுத்தத்தைப் போக்கினேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். இன்ஜெக்டர் ஒயர்களை உருவி, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினேன். பெட்ரோல் குழாயைத் துணி சுற்றிக் கழற்றினேன். நான்கு இன்ஜெக்டர்களுக்கும் பெட்ரோலைப் பங்கிட்டுத் தரும் ஃபியூல் ரெயிலின் இரண்டு போல்ட்டுகளும் சொன்ன பேச்சைக் கேட்டன. ரெயிலை இரண்டு பக்கமும் சமமாக அசைத்துத் தூக்கினேன். மூன்று இன்ஜெக்டர்கள் அதோடு வந்துவிட்டன. நான்காவது மட்டும் துளையிலேயே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்றது.

“ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பேன்” என்றார் கணவர், வாசலில் நின்றபடி.

நெம்பினால் உடையும். உடைந்தால் திங்கட்கிழமை அவர் ஜெயித்துவிடுவார். “நீங்க போய் பேப்பர் படிங்க” என்றேன். விரல்களால் பிடித்து இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தேன். விரல் நுனி சிவந்துவிட்டது. கடைசியில் அதன் ரப்பர் வளையம் இளகி, முழுதாகக் கையோடு வந்தது. துளைகளைத் துணியால் மூடிவிட்டு, நேராகப் போய் அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

குரோம்பேட்டையில் இன்ஜெக்டர் சுத்தம் செய்யும் கடைக்காரர் நான்கையும் புரட்டிப் பார்த்தார். “யாரு கழட்னதுக்கா? ஒரு கீறல் இல்லாம கீது.”

“நான்தான்.”

“இன்னாக்கா சொல்ற? மெக்கானிக்குங்களே ஒடச்சிக்கினு வரானுங்க.”

இதைக் கணவரிடம் அன்று எத்தனை முறை சொன்னேன் என்று கணக்கில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து, புது ரப்பர் வளையங்களில் எண்ணெய் தடவி எல்லாவற்றையும் பூட்டினேன். கெட்ட பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றினேன். இன்ஜின் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

திங்கட்கிழமை காலை, கட்டி இழுக்கக் கயிறோடு வந்தவர் தன் வண்டியை எங்கள் கேட்டுக்கு நேராக நிறுத்தினார். உறுமிக்கொண்டிருந்த காரையும் உள்ளே இருந்த என்னையும் பார்த்தார். “ஓடாத வண்டின்னு சார் சொன்னாரேக்கா.”

கணவர் கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவிட்டார்.

“உங்க வண்டிய கொஞ்சம் நகர்த்துங்கண்ணா” என்றேன். “எனக்குக் காலேஜுக்கு நேரமாச்சு.”