ஜுருவில் காற்று சுத்தமான கதை

முதலாளிக்குச் சுற்றுச்சூழல்மேல் திடீரென்று எப்படிப் பாசம் பொத்துக்கொண்டு வரும் என்று என்னைக் கேளுங்கள். சரக்கு வாங்குகிறவன் கண்ணை உருட்டினால் வரும். வேறு எதற்கும் வராது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜுருவில் ரேடியோ போர்டு செய்யும் ஃபேக்டரியில் எனக்கு வேலை. தீவில் நாங்கள் இருந்த டத்தோ கிராமாட்டிலிருந்து கம்பெனி பஸ் கடல்பாலம் தாண்டிக் கொண்டுபோய் விடும். ஈயம் பற்றவைத்த போர்டுகளைக் கெமிக்கலில் முக்கித் துடைக்க வேண்டும். அந்த வாடை இருக்கிறதே, தலையைப் பிளக்கும். என் பக்கத்தில் வேலை பார்த்த அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. புருஷன் இல்லாதவர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள் அவரை நம்பி இருந்தார்கள். காற்றுக்கு ஒரு ஃபேன் கேட்டார்.

சூப்பர்வைசர் நம்ம தமிழ் ஆள்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. "வாடை புடிக்கலன்னா பாசார்ல போய் பூ விக்கலாம் லா" என்றார். அக்கா விடாமல் கேட்டார். வேலை போயிற்று. ஆற்றோரக் கம்பத்து கிராமத்துக்காரர்கள், ஃபேக்டரித் தண்ணீர் ஆற்றில் கலந்து சிப்பியெல்லாம் சாகிறது என்று வாசலில் வந்து கத்தினார்கள். எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான்.

பிறகு ஜெர்மனியிலிருந்து வாங்குகிறவர்கள் வந்தார்கள். அந்தக் கெமிக்கலை விட்டால் ஆர்டர், இல்லாவிட்டால் வேறு ஃபேக்டரி என்றார்கள். அவ்வளவுதான்! காசில்லை என்று பாட்டுப் பாடிய கம்பெனிக்குத் தண்ணீரில் கழுவும் மெஷின் வந்து இறங்கியது. வாசலில் மரக்கன்று நட்டார்கள். இயற்கையைக் காப்போம் என்று சூப்பர்வைசர் பேசினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்!

இருந்தாலும், வாடை போய்விட்டது, ஆளும் எடுக்கிறார்கள் என்று அக்காவை நான்தான் வரச் சொன்னேன். பழைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே போய்க் கேட்டேன்.

சூப்பர்வைசர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தார்.

"ஜெர்மன்காரன் திரும்ப வரான், தங்கச்சி. லைன்ல ஒரு ஆளு இப்படி லொக்கு லொக்குன்னு இருமுனா என்னா நெனப்பான்?"

"இங்க வாங்குன இருமல்தானே அண்ணே?"

"அதத்தான் அவன் கேப்பான் லா."

வெளியே வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். பூசி மெழுக எனக்கு வாய் வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்துக் கேட்டார். "அப்ப, நான் இருமுறது ஜெர்மன்காரனுக்கு மட்டுந்தான் கேக்குமா?"