கையில் சுற்றிய நரம்பு

என் தாய்மாமா சொல்லும் கதையில் அந்த மீனுக்கு இப்போது பதினெட்டுக் கிலோ ஆகிவிட்டது. நான் முதலில் கேட்டபோது ஆறு கிலோதான் இருந்தது. ஒரு காதுகுத்தில் பத்துக் கிலோ ஆனது. பிடிபட்ட மீன் என்றால் அன்றைக்கே குழம்பாகி முடிந்திருக்கும். தப்பிப் போன மீன் என்பதால் விசேஷத்துக்கு விசேஷம் வளர்ந்துகொண்டிருக்கிறது.

போன மாதம் அலங்காநல்லூரில் ஒரு சொந்தக்காரர் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் மாமா உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிவிட்டார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“ஒரு கூறுகெட்ட படகுக்காரப் பய, தூண்டில் நரம்ப அறுத்து விட்டுட்டான்யா! இந்தா உக்காந்திருக்கே, இந்தப் பிள்ள கையில இருந்து. அம்புட்டு அழுகை அழுதுச்சு, பாவம். நான் அவன விடலையே. கரையில நிப்பாட்டி, பிள்ளகிட்ட மன்னிப்புக் கேக்க வச்சேன்ல!”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிரித்தேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தில் எனக்குப் பேச்சு வராது. வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கும்போதுதான் ஒவ்வொரு வார்த்தையாக வரும், அதுவும் குழாய்த் தண்ணீர்ச் சத்தத்துக்குள். அன்றைக்கு ஒரு டம்ளரை நசுக்கிவிட்டேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. நாங்கள் விளாங்குடியில் இருந்தோம். மூன்று வீடு தள்ளி மாமா வீடு. அம்மாவுக்குத் தம்பி. சொந்தமாக ஒரு வேன் வைத்து வாடகைக்கு ஓட்டினார். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். மாமா அப்பாவைத் தன் வேனில் சேர்த்துக்கொண்டார். சேர்த்துக்கொண்டார் என்றால், வண்டியைக் கழுவுவதும் கூரையில் சாமான் ஏற்றிக் கட்டுவதும் அப்பாவின் வேலை. “மச்சான், மச்சான்” என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் மாமா அந்த வேலையை எல்லாம் வாங்குவார்.

கார்த்திகை பிறந்ததும் மாமா மலைக்கு மாலை போடுவார். அவர் வேனும் போட்ட மாதிரிதான், தை பிறக்கும்வரை ஐயப்பசாமிகளைத் தவிர வேறு சவாரி ஏற்றாது. அந்த நாட்களில் மாமா எல்லோரையும் சாமி என்றுதான் அழைப்பார். டீக்கடைப் பையன் சாமி, நான் சாமி. தெருநாயைக்கூட, “தள்ளிப் போங்க சாமி” என்றுதான் விரட்டுவார். கவிச்சி கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது.

தை பிறந்து, கடைசிச் சவாரியும் முடிந்து, மாலையைக் கழற்றினால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வேன் தொண்டிப் பக்கம் கிளம்பிவிடும். அங்கே கடலோரத்தில் ஓர் அலையாத்திக் காடு உண்டு. அதற்குள் உப்புத்தண்ணீர் ஓடைகள் வளைந்து வளைந்து போகும். மழைக்காலம் முடிந்ததும் அந்த ஓடைகளில் மீன் நிறைய ஏறும் என்பார்கள். படகில் போய்த் தூண்டில் போட்டு, பிடித்த மீனைக் கரையிலேயே குழம்பு வைத்துச் சாப்பிட்டால்தான் மாமாவுக்கு விரதம் முடிந்ததாக அர்த்தம். ஆண்கள் படகில் போவார்கள். பெண்கள் அரைத்த மசாலாவோடு கரையில் காத்திருப்பார்கள். அதற்கு முன் இரண்டு வருஷம் நானும் போயிருக்கிறேன், சின்ன வெங்காயம் உரிப்பதற்கு.

அந்த வருஷம் மாமா மகன் கொய்யா மரத்திலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்டிருந்தான். அத்தையும் அவனோடு வீட்டில் இருந்துவிட்டாள். படகில் ஓர் இடம் காலி. நான் யாரிடமும் வாய் திறந்து கேட்கவில்லை. வேன் போய்ச் சேர்ந்ததும் நேராகப் படகுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். நகரவே இல்லை. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏறிட்டுப் போகட்டும்க்கா, நான் இருக்கேன்ல” என்றார்.

அம்மா என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “ஏற்கனவே ஒருத்தன் கால ஒடிச்சுட்டுக் கெடக்கான். நீ ஒரு கீறலோட வந்து நின்ன, இதோட சரி. அடுத்த வருஷம் வீட்டுல வச்சுப் பூட்டிட்டுத்தான் வருவேன்.”

சத்தியமாகக் கீறல் படாது என்று தலையை ஆட்டினேன். படகுக்காரர் பக்கத்திலேயே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

படகில் நாலு பேர். மாமா, அப்பா, நான், படகுக்காரர். அவருக்கு அப்பா வயது இருக்கும். ஒல்லியான ஆள், பேச்சு குறைவு. நீளக் கம்பை ஊன்றி ஊன்றிப் படகைக் காட்டுக்குள் செலுத்தினார். விளாங்குடியில் விடியும்போது திண்டுக்கல் ரோடே தெரியாத பனி. பல் கிட்டிக்கொண்டு வேனில் ஏறியிருந்தேன். இங்கே தண்ணீரில் கையை விட்டால் விளாவி வைத்த குளிக்கிற தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் வேர்களை ஊன்றிக்கொண்டு தண்ணீரிலேயே நின்றன. சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக வேர்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது எழுதக்கூட எரிச்சலாக இருக்கிறது.

ஓடை அகலமாகிற ஓர் இடத்தில் நிறுத்தினார்கள். தூண்டில் நரம்பின் நுனி முள்ளில் உயிர் இறாலைக் கோத்து என்னிடம் கொடுத்துவிட்டு, படகுக்காரர் அன்று என்னிடம் முதன்முதலாகப் பேசினார். “பாப்பா, நரம்பக் கையில சுத்தாதீக. விரலுக்கு நடுவுல சும்மா புடிங்க. இழுத்தா ஓடவிடணும்.”

மாமா திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊர்ப் பக்கம் கண்மாயில் தூண்டில் போடுகிறவர்கள் நரம்பை உள்ளங்கையில் சுற்றித்தான் பிடிப்பார்கள். விரல் நீளக் கெண்டை வந்து கொத்துவது அப்போதுதான் கைக்குத் தெரியும். மாமா சின்ன வயதிலிருந்து அப்படிப் பிடித்துப் பழகியவர். பேர் போன ஆள்.

“யோவ், நீ படக ஓட்டு. மதுரக்காரனுக்குத் தூண்டில் சொல்லிக் குடுக்க வந்துட்டாரு.”

“கண்மாய் மீனு வேற சார். இங்க கொடுவா கெடக்கு.”

“கொடுவான்னா என்ன, அதுக்குக் கொம்பா மொளச்சிருக்கு?”

என் வலது கையை இழுத்து, மாமாவே நரம்பைச் சுற்றினார். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. முடித்துவிட்டுப் படகுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். படகுக்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் தூண்டிலுக்கு இறால் கோக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு என் கை என்னைக் கேட்காமல் தண்ணீரை நோக்கிப் போனது. கொத்தல், கித்தல் எதுவும் இல்லை. ஒரே இழுப்பு. படகின் விளிம்பில் என் நெஞ்சு மோதியது. முழங்கைவரை தண்ணீருக்குள் போய்விட்டது. நரம்பு விரல்களின் அடியில் இறங்கியது. வலித்தது என்று சொல்ல முடியாது, சூடாக இருந்தது. கத்த வாயைத் திறந்தேன். எனக்குச் சத்தம் வராது, அப்போதும் வரவில்லை.

மாமா படகின் அந்தப் பக்கத்திலிருந்து, “விட்றாத! விட்றாத! தம் புடிச்சு இரு!” என்று கத்தினார். விடுவதற்கு என் கையில் என்ன இருந்தது? அதுதான் என்னைப் பிடித்திருந்தது.

பத்தடிக்கு அப்பால் அது ஒருமுறை மேலே துள்ளியது. வெள்ளி மாதிரி, பெரிய வாயைத் திறந்து தலையை உதறியது. அந்த நொடியில் எனக்கு விரல் ஞாபகமே இல்லை. என் மீன். நான் பிடித்த மீன். கரையில் அம்மா முன்னால் கொண்டுபோய்ப் போடப்போகிற மீன்.

படகுக்காரர் என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி, கத்தியால் நரம்பை அறுத்தார்.

மீன் போய்விட்டது. தண்ணீர் மூடிக்கொண்டது. நான் பின்னால் சாய்ந்து அப்பாவின் கால்மேல் விழுந்தேன். விழுந்த வேகத்திலேயே நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதை மாமா கதையில் சொல்வதில்லை, அவருக்குத் தெரியாது. தளர்ந்துபோன அந்த மூன்று சுற்றையும் கையிலிருந்து உருவித் தண்ணீரில் போட்டேன். விரலடியில் ரத்தம் கசிந்தது. கையை மூடிக்கொண்டு, பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். அம்மா பார்த்தால் அடுத்த வருஷம் கிடையாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது. பிறகுதான் அழுதேன், மீனுக்காக.

மாமா ஆடுகிற படகில் எழுந்து நின்றார். மாலையைக் கழற்றி ஐந்து நாள்கூட ஆகவில்லை. அவர் வாயிலிருந்து வந்ததை எழுத மாட்டேன். அந்த மனிதரின் தாய், பிறப்பு, தொழில் எதையும் விடவில்லை. “என்னக் கேக்காம அறுக்க நீ யார்ரா?” என்று கத்தியைப் பிடுங்கி ஓடைக்குள் வீசினார். படகுக்காரர், கத்தி விழுந்த இடத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். கம்பை எடுத்துப் படகைத் திருப்பினார். “விடு மாப்ள” என்று அப்பா ஒரு தடவை சொன்னார். தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

கரையில் அம்மா அடுப்பு மூட்டியிருந்தாள். படகுக்காரரின் மனைவியும் இன்னும் நாலைந்து பேரும் நின்றார்கள். அத்தனை பேர் முன்னாலும் மாமா மறுபடி ஆரம்பித்தார். அப்போதுதான் படகுக்காரர் வாய் திறந்தார்.

“சார், நரம்பு பாப்பா கையில சுத்திக் கெடந்துச்சு. இன்னும் ரெண்டு இழுப்புல வெரல் போயிருக்கும்.”

“சுத்துனாங்களா? யார்ரா சுத்துனா? பிள்ள சும்மாதான் புடிச்சிருந்துச்சு. மச்சான், நீங்க சொல்லுங்க.”

அப்பா வேட்டியில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினார். “நான் கவனிக்கல மாப்ள” என்றார்.

“சரி, பிள்ளையவே கேளு. நீ சொல்லுத்தா. கையில சுத்தியிருந்தியா?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அம்மாவும் கரண்டியோடு எழுந்து வந்தாள். மடிப்புக்குள் என் கை விண் விண் என்று தெறித்தது. ஆமாம் என்றால், காட்டு என்பாள். காட்டினால் என் படகு போச்சு. அதோடு, என் மீனை அறுத்துவிட்ட ஆள்மேல் எனக்கும் வெறி இருந்தது. அவர் மாட்டிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

“பாத்தியா? பொய் வேற சொல்றான். கேளுடா மன்னிப்பு. என்கிட்ட வேணாம், பிள்ளகிட்ட கேளு.”

அவர் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை மட்டும் அசைத்து அவளை நிறுத்தினார். பிறகு என் முன்னால் வந்து நின்றார். “தப்புத்தான் பாப்பா” என்றார். அப்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் பாவாடை மடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அந்தக் குடும்பம் வாழுமா, கெடுமா என்று மாமா நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அன்றோடு அந்த மனிதரைக் கூப்பிடுவது நின்றது. மதுரையிலிருந்து மீன் பிடிக்கப் போகும் தன் கூட்டாளிகள் எல்லோரிடமும், “அவன் மட்டும் வேணாம்” என்று சொல்லி வைத்தார். அவர் சொன்னதற்குச் சாட்சி நான். அப்பாவுக்கு வேலை போய்விடும் என்ற பயம். எனக்கு ஒரு படகுச் சவாரி. அப்பா இறந்தபோதுகூட இதைப் பற்றி அவரிடம் கேட்காமல் விட்டோமே என்ற கோபம்தான் முதலில் வந்தது. கேட்டிருந்தால் அவர் என்னைத் திருப்பிக் கேட்டிருப்பார்.

வேறு யாரிடமோ மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டோம். நான் இடது கையால் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா திட்டினாள். மீன் போன வருத்தத்தில் வீம்பு பிடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரத்தில் மாமாவும் அப்பாவும் வேனின் பின்பக்கம் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். படகுக்காரர் வெளியே வந்து நின்றார். யாருக்கும் கேட்காத குரலில், “கைய மூடியே வைக்காதீக பாப்பா. உப்புத்தண்ணி பட்டது, சீழ் வச்சுரும். ராத்திரி தேங்கா எண்ண தடவிட்டு, காத்தாட விடுங்க” என்றார்.

நான் ஜன்னல் கண்ணாடியை இழுத்து மூடினேன்.

அந்தக் கரையில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து விரல்களைப் பிரித்திருந்தால் போதும். ஊரே பார்த்திருக்கும். மாமாவின் வாய் அடைபட்டிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. எங்களிடம் அவருக்குப் பயம் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். வேன் நகர்ந்தபோது, மடிப்புக்குள் கை எரிய எரிய, ஜெயித்துவிட்டதாகவே உட்கார்ந்திருந்தேன்.