மார்லிஸ் நடத்திய பரீட்சை

மின்னசோட்டாவில் ஸ்டென்வில் என்ற சிற்றூரில் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மார்லிஸ் ட்வைட், வாழ்நாளில் ஒரே ஒரு படத்தில்தான் நடித்தாள். அதுவும் வில்லியாக. 1999 ஜனவரியில் அவளுடைய பதினேழு வயது மகள் கிர்ஸ்டன் எழுதி, நடித்து எடுத்த படம் அது. ஊரில் வேறு எந்தப் பெண்மணியும் அந்த வேஷத்துக்குச் சம்மதிக்கவில்லை. மார்லிஸுக்கு இருந்த தகுதி அவ்வளவே.

கதை இதுதான். ஓர் ஊரில் ‘ஒழுங்கான பெண்தானா’ என்று பார்க்க ஒரு கமிட்டி பெண்களுக்குப் பரீட்சை வைக்கிறது. சோறும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் நிறைந்த சூடான பாத்திரத்தைச் சிந்தாமல் உறைந்த ஏரியின் மேல் நடந்து கொண்டுவர வேண்டும். ஒரு பருக்கை சிந்தினாலும் அவள் ஆண்களை விரும்பமாட்டாள் என்று தீர்ப்பு. கதாநாயகி துளிகூடச் சிந்தாமல் ஜெயித்துவிட்டு, சான்றிதழை வாங்கிய கையோடு, தன் தோழியின் பெயரைச் சொல்லி, “நான் பெக்கியைக் காதலிக்கிறேன்” என்பாள். உடனே கமிட்டித் தலைவி, “சான்றிதழைத் திருப்பிக் கொடு” என்று கத்த வேண்டும்.

மார்லிஸ் போட்ட அந்தத் தலைவி வேஷத்தின் அசல் யார் என்று ஊருக்கே தெரியும். தேவாலயச் சமையலறையை முப்பது வருடமாக ஆண்டுவந்த ஆர்டிஸ் ஹெக்லண்ட்தான்.

“ஆர்டிஸ் பார்த்தாங்கன்னா நம்மளை உயிரோட விடமாட்டாங்கடி.”

“அவங்க பேரு எங்கயும் வரலையேம்மா.”

“மூக்குக் கண்ணாடிச் சங்கிலி வருதே! அந்த விறுவிறு நடை வருதே!”

மார்லிஸின் பயம் சும்மா இல்லை. மாதம் ஒரு ஞாயிறு எல்லாரும் வீட்டிலிருந்து சமைத்துக்கொண்டு போய்த் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சேர்ந்து சாப்பிடுவார்கள். யாருடைய பாத்திரம் என்று தெரிய அடியில் காகித டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். பாத்திரம் காலியாகத் திரும்பினால் ஊரில் மதிப்பு உண்டு என்று பொருள். நிறைந்தபடி திரும்பினால், யாரும் வாய்திறந்து எதுவும் சொல்லவேண்டியதில்லை. மார்லிஸின் பாத்திரம் என்றுமே சுரண்டி வழித்தாற்போல்தான் வரும். அந்த ஊரில் அவளுக்கிருந்த கௌரவம் முழுக்க அந்தப் பாத்திரத்தில்தான் இருந்தது.

கடைசிக் காட்சியை ஏரியில் எடுத்தார்கள். குளிரில் கேமரா பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. படம் பிடித்த டானா என்ற ஒல்லிப் பெண், மிஞ்சிய ஒன்றை அக்குளில் வைத்துச் சூடேற்றினாள்.

“ஆன்ட்டி, இதோட சரி. தப்பா பேசிடாதீங்க!”

“ஏம்மா, பல்லே தந்தி அடிக்குது, நான் எங்க பேசுறது!”

கிர்ஸ்டன் பாத்திரத்தோடு வந்தாள். சான்றிதழை வாங்கினாள். “நான் பெக்கியைக் காதலிக்கிறேன்” என்றாள். சொல்லும்போது அவள் கண் தலைவியின் மேல் இல்லை. கேமராவுக்குப் பின்னால் நின்றவளின் மேல் இருந்தது. மார்லிஸுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா, இது நடிப்பில்லை என்று? தன் வயிற்றில் பிறந்தது இவ்வளவு தைரியமா! கத்த வேண்டிய வசனத்தை அவள் கத்தவில்லை. மகள் கையிலிருந்த சான்றிதழை வாங்கி, விறைத்த விரல்களால் பேனாவைப் பிடித்து 100 என்று எழுதினாள்.

“நூத்துக்கு நூறு” என்றாள். “போ, காலு உறையுது.”

பேட்டரி செத்தது. கிர்ஸ்டன் அம்மாவைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

முன்னாள் ராணுவ வீரர்கள் மன்றத்தில் படத்தைப் போட்டபோது அறுபது பேர் வந்தார்கள். விறுவிறு நடைக்கு வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆர்டிஸ் மட்டும் முன்வரிசையில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். பிறகு அந்தக் கடைசிக் காட்சி வந்தது. அன்று பக்கவாட்டில் நின்று பார்த்ததை இப்போது நேருக்கு நேர் பார்த்தாள் மார்லிஸ். திரை நிறைய மகளின் முகம், ஒளிவுமறைவில்லாத பார்வை. கேமரா பிடித்தவள் யார் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் இருமக்கூட இல்லை. கோயிலில் நிற்பதுபோல மார்லிஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. விளக்கு போட்டதும் ஊர் சனம் குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டே கலைந்தது.

அடுத்த ஞாயிறு தேவாலய விருந்தில் மார்லிஸ் தன் பாத்திரத்தை மேசையில் வைத்தாள். வரிசை அதைத் தாண்டித் தாண்டிப் போனது. இருபது பேர், முப்பது பேர். கிர்ஸ்டன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், காது சிவந்திருந்தது. எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று மார்லிஸ் எழுந்தே விட்டாள்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து ஆர்டிஸ் வந்தாள். மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக நடந்தாள்.

“நான் ஒண்ணும் அவ்வளவு வேகமா நடக்கிறதில்ல.”

“இல்லைங்க ஆர்டிஸ்.”

ஆர்டிஸ் மார்லிஸின் பாத்திரத்திலிருந்து ஒரு பெரிய கரண்டி அள்ளித் தட்டில் போட்டு, நின்றபடியே தின்றாள். கூடமே பார்த்தது.

“உப்பு கொஞ்சம் கம்மி” என்று சொல்லி இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டாள். பின்னாலேயே சிலர் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை. மூலையில் கொஞ்சம் மிஞ்சத்தான் செய்தது.

பாத்திரங்களை ஆர்டிஸ்தான் கழுவி, டேப்பைப் படித்து அவரவரிடம் திருப்பிக் கொடுப்பாள். மார்லிஸ் வீட்டுக்கு வந்து அலமாரியில் வைக்கக் கவிழ்த்தாள். ட்வைட் என்ற பெயருக்குப் பக்கத்தில், ஈரம் இன்னும் காயாத டேப்பில், பென்சிலால் அழுத்தி எழுதியிருந்தது: 100.

மார்லிஸ் அந்தப் பாத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, “கிர்ஸ்டன், இங்க வா, டானாவையும் கூப்பிடு” என்று கத்தினாள்.