ஒரு வரிப் பாவாயியும் என் ஒண்ணாம் வகுப்பும்

ஒண்ணாம் வகுப்பு டீச்சர் வேலை என்பது பாதி மூக்குத் துடைப்பது, பாதி வாசலை மறித்துக்கொண்டு நிற்பது. இரண்டுக்கும் நடுவில் நேரம் கிடைத்தால் அ, ஆ. இந்த வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் முந்தானையில் பல்பப் பொடியும் சளியுமாக வீடு திரும்பியவர்கள்தானே. பார்க்காத பாக்கியசாலிகள் மட்டும் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆண்டுகொண்டிருந்தான். நான் கெங்கவல்லிக்காரி. சேலத்தில் டிரெயினிங் முடித்த கையோடு என்னைத் தூக்கி மேற்கே போட்டார்கள். மோகனூரிலிருந்து இரண்டு பக்கமும் வேலி வைத்த இட்டேறியில் வண்டி குலுங்கக் குலுங்கப் போனால் வரும் ஒரு மேட்டுக்காட்டு ஊர். பக்கத்திலேயே காவிரி ஓடியும் அந்த மேட்டுக்கு ஏறாது; எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். ஊர்க்காரர்கள் என்னை வாய் நிறைய 'சாமி, சாமி' என்று கூப்பிட்டார்கள். படித்த பெண்ணுக்கு என்ன மரியாதை பார் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் கன்றுக்குட்டியையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

விளாரோடு வந்தவர்கள்

பிள்ளையைச் சேர்க்க வரும்போது அந்த ஊரில் தேங்காய், பொரிகடலையோடு ஒரு புளியம் விளாரும் கொண்டுவருவார்கள். நல்ல வளைகிற விளாராகப் பார்த்து ஒடித்து, இலையை உருவி, இரண்டு கையாலும் நம்மிடம் கொடுப்பார்கள். நான் வாங்கி மூலையில் சாத்திவிடுவேன். அடிக்க மாட்டேன். இதில் என் நல்ல மனசு ஒன்றும் இல்லை. கோபம் வந்தால் என் கை நிற்காது என்று எனக்கே தெரியும். அதனால் விளாரைத் தொடுவதே இல்லை என்று வைத்துக்கொண்டேன். மாசக் கடைசியில் அவ்வளவும் என் அடுப்புக்குப் போய்விடும். விஷயம் தெரிந்ததும் ஊரே கலவரப்பட்டது. "அடிக்காம எப்படிங்க எழுத்து உள்ள போவும்?" என்று என்னை நிறுத்திக் கேட்டார்கள்.

விளார் இல்லாமல் வந்த ஒரே ஆள் காளியப்பன். மேட்டுக்காட்டில் கொஞ்சம் நிலமும் ஒரு கிணறும் வைத்திருந்தவர். மகள் பாவாயியைக் கையில் பிடித்துக்கொண்டு, பேச வெட்கப்பட்டுக்கொண்டு நின்றார். பின்னாலேயே அவர் மனைவி நல்லாயி, இடுப்பில் ஒரு கைப்பிள்ளையோடு வந்தாள். பேசியதெல்லாம் அவள்தான். "இவிங்க ஆசைக்குச் சேக்கறமுங்க. ஒரு வருசம் பாருங்க டீச்சரம்மா. ரெண்டாங்கிளாசுக்குத் தேறலீன்னா நின்னுக்கட்டும். கைப்புள்ளையத் தூக்க எனக்கு வேற ஆளில்லீங்க."

முத்தானின் பல்

பாவாயிக்கு இடம் கிடைத்தது முத்தானுக்குப் பக்கத்தில். வேறு யாரும் அங்கே உட்கார மாட்டார்கள், ஏனென்றால் முத்தான் கடிப்பான். கை, தோள், காது என்று அவனுக்குப் பேதமே கிடையாது. பெரிய வாத்தியார், அதாவது எங்கள் ஹெட்மாஸ்டர், வாயில் துணி கட்டச் சொன்னார். கட்டினேன். துணியைக் கடித்துக் கிழித்தான். பாவாயி மட்டும் கடி வாங்கிக்கொண்டு, எச்சிலைப் பாவாடையில் துடைத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தாள். எழுந்து போனால் வீட்டில் கைப்பிள்ளை காத்திருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கொஞ்ச நாள் கவனித்ததில் ஒன்று பிடிபட்டது. மத்தியானச் சோற்றுக்குப் பிறகு முத்தான் யாரையும் கடிப்பதில்லை. எல்லாம் காலையில்தான். மறுநாள் வந்ததும் அவன் கையில் ஒரு பிடி பொரிகடலை வைத்தேன். அன்றைக்கு ஒரு கடி கிடையாது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விடிவதற்குள் கூலிக்குப் போகிற அவன் அம்மாவை ஒரு நாள் வழியில் பார்த்து, இப்படிக் கடிக்கிறானே, வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "காத்தால ஊட்டுல கடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க. அதான் உங்ககிட்ட வந்து கடிக்கறான்."

ஆடு என்ன ஆச்சு

எங்கள் பிள்ளைகள் பாடப் புத்தகத்தைப் பாட்டாகப் பாடுவார்கள். ஒருத்தன் எடுத்துக் கொடுத்தால் மொத்த வகுப்பும் கூரை அதிரப் பாடும். யாருக்கு எழுத்துத் தெரியும், யார் சும்மா வாயசைக்கிறார்கள் என்று பிரம்மாவுக்கே தெரியாது. அதனால் ஒரு உத்தரவு போட்டேன்: தினமும் சாயங்காலம் ஒவ்வொருவரும் வீட்டில் யாராவது ஒரு ஆளுக்குத் தனியாகப் படித்துக் காட்டிவிட்டு வர வேண்டும், கேட்கிறவருக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

இந்த உத்தரவால் ஊரில் எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போயிற்று. ஒருத்தி சமையல் செய்கிற அம்மாவைத் துரத்தித் துரத்திப் படித்ததில் குழம்பு தீய்ந்தது. ஒரு பையன் கேட்க ஆள் கிடைக்காமல் எருமைக்குப் படித்தான். அது நன்றாகத் தலையாட்டியது என்று சந்தோஷமாக வந்து சொன்னான். அவன் அப்பாதான் நேரில் வந்து என்னிடம் முறையிட்டார். "டீச்சரம்மா, நானும் பொழுதோட வந்து உக்காந்து கேக்கறனுங்க. 'ஆடு, ஆடு'ன்னே சொல்றான். அந்த ஆட்டுக்குப் பொறவு என்னதானுங்க ஆச்சு?"

ஒரு வரி

எல்லோரும் தட்டுத் தடுமாறி முன்னேறினார்கள். பாவாயி மட்டும் என்னைக் கதிகலங்க வைத்தாள். எழுந்து நிற்பாள். விரலை வைத்து முதல் வரியை மணியாகப் படிப்பாள். அவ்வளவுதான், நின்றுவிடுவாள். விரல் அடுத்த வரியின் தொடக்கத்தில் இருக்கும், கண் எங்கேயோ வாசல் பக்கம் இருக்கும். "ம், படி" என்பேன். என்னைப் பார்த்துத் தலையாட்டுவாள், படிக்க மாட்டாள். முத்தானை வைத்துக்கொண்டு ஒரு வகுப்பில் எவ்வளவு நேரம்தான் காத்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்கள். அடுத்த பிள்ளைக்குப் போய்விடுவேன். எந்தப் பக்கத்தைக் கொடுத்தாலும் இதே கதைதான்.

இன்ஸ்பெக்டர் வரும் மாசம் நெருங்கியது. அவர் முன்னால் ஒரு பக்கமாவது முழுசாகப் படிக்கிற பிள்ளைக்குத்தான் அடுத்த வகுப்பு என்பது எங்கள் பெரிய வாத்தியாரின் சட்டம். நல்லாயி வேறு என்னை வழியில் பார்க்கும்போதெல்லாம், கைப்பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போவாள். பெரிய வாத்தியாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் பொடியை மெதுவாக உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "சில தலையிலே ஒரு வரிக்குத்தாம்மா இடம். அதுல போய் நீ மண்டபம் கட்டாதே."

கிணற்றடியில்

எனக்குக் கோபம் வந்தால் கால் தானாக நடக்கும். அன்று பொழுது சாய நேராகக் காளியப்பன் காட்டுக்குப் போய்விட்டேன். பிள்ளை யாரிடம் படித்துக் காட்டுகிறாள், அங்கேயும் ஒரு வரிதானா என்று பார்த்துவிட வேண்டும். அவர் கவலை ஓட்டிக்கொண்டிருந்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதைத்தான் அங்கே கவலை என்பார்கள். இரண்டு மாடு சரிவில் வடத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். தோல் சால் மேலே வந்து தண்ணீரைக் கொட்டும். பிறகு மாடு பின்னாலேயே நடந்து மேட்டுக்கு ஏற வேண்டும், சால் மறுபடி கிணற்றுக்குள் இறங்கும். நாள் முழுக்க இதே இறக்கம், இதே ஏற்றம்.

மேட்டில் வேப்பமரத்தடியில் பாவாயி. கிளையில் கட்டின தூளியில் கைப்பிள்ளை. மடியில் புத்தகம். காளியப்பன் மாட்டோடு மேட்டில் நின்றபோது அவள் ஒரு வரி படித்தாள். அவர் "ம்" என்று சொல்லிவிட்டு, வடத்தின் மேல் உட்கார்ந்து சரிவில் இறங்கிப் போய்விட்டார். உருளை கிரீச்சென்று கத்தியது, தண்ணீர் கொட்டியது. அந்தச் சத்தத்தில் இடி இடித்தாலும் கேட்காது. பாவாயி விரலை அடுத்த வரியில் வைத்துக்கொண்டு அப்பா போன திசையைப் பார்த்தபடி இருந்தாள். கீழே அவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டி டொக், டொக் என்று சத்தம் கொடுத்தார். மாடுகள் பின்னால் நடந்து ஏறின. அவர் பக்கத்தில் வந்து சேர்ந்ததும் பாவாயி இரண்டாவது வரியைப் படித்தாள். பிறகு மூன்றாவது. நான் பார்க்கப் பார்க்க, ஒரு எழுத்துத் தப்பில்லாமல் பக்கம் முடிந்தது.

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரிகிறது. படிப்பு என்றால் ஒரு வரிக்கு ஒரு இறக்கம் ஏற்றம் காத்திருக்க வேண்டும் என்றும் சேர்த்துத் தெரிந்துவைத்திருக்கிறாள். வகுப்பில் மாடு ஏறவே இல்லையே, அவள் எப்படிப் படிப்பாள்? என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய் ஓடிவந்த காளியப்பன் எனக்கு ஆறுதல் சொன்னார்: "வெசனப்படாதீங்க டீச்சரம்மா. அந்த மொளகாக் காடு முச்சூடும் தண்ணி பாயறதுக்குள்ள புஸ்தகம் முடிஞ்சு போவுமுங்க."

இன்ஸ்பெக்டரின் வண்டி

அதற்குப் பிறகு பாவாயியிடம், நிற்காமல் படி கண்ணு, இங்கே யாரும் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வற்றியது. சில நாள் படிப்பாள். கொஞ்சம் பயந்தாலோ பழையபடி நின்றுவிடுவாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் வந்தே விட்டார். இன்னொரு ஊருக்கும் போக வேண்டுமாம், மாட்டை அவிழ்க்காமலேயே வாடகை வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஊரே வேலையை விட்டுவிட்டு வாசலில் கூடிவிட்டது. முன்ஜாக்கிரதையாக முத்தான் வாயில் கொள்ளுமட்டும் பொரிகடலை போட்டிருந்தேன். நான் வாய் திறக்கக்கூடாது என்று பெரிய வாத்தியாரின் உத்தரவு.

பாவாயி எழுந்தாள். முதல் வரி, மணியாக. நின்றாள். இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கூரை ஓட்டைப் பார்த்துத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். வாசலில் நல்லாயி கைப்பிள்ளையை மறு இடுப்புக்கு மாற்றியது ஓரக்கண்ணில் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் "சரி, உட்காரம்..." என்று ஆரம்பித்தார். அப்போது வாசலிலிருந்து ஒரு சத்தம்: டொக், டொக். பாவாயி இரண்டாவது வரியைப் படித்தாள். டொக், டொக். மூன்றாவது வரி. டொக், டொக். நாலாவது. வெளியே திடீரென்று வண்டிக்காரன் "ஏய், ஏய்" என்று அலறினான். அதுவும் கவலைக்குப் போகிற மாடுதான் போல. ஒவ்வொரு டொக்குக்கும் ஒழுங்காகப் பின்னால் நடந்து, இன்ஸ்பெக்டரின் வண்டியைக் கிளுவை வேலிக்குள் ஏற்றிவிட்டது.

எங்கள் வேலைக்கு இன்றோடு மங்களம் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்டர் எழுந்து போய் வேலியைப் பார்த்தார், கைகூப்பி நின்ற காளியப்பனைப் பார்த்தார். நான் உத்தரவை மறந்து, கிணற்றடியில் பார்த்ததை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், பெரிய வாத்தியார் கூடப் பொடிமட்டையை மறந்து சிரித்தார். அப்புறம் இன்ஸ்பெக்டரே பாவாயி பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு ஒரு தரம் "ம்" போட, அவள் பக்கத்தை முடித்தாள். "பாஸ்" என்றார். "இவள் அப்பாவை மட்டும் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள், நான் இருட்டுவதற்குள் நாமக்கல் போகணும்" என்றார். நான் ஓடிப்போய் நல்லாயியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. இடுப்பிலிருந்த கைப்பிள்ளையை எடுத்துப் புருஷன் கையில் வைத்தாள். "இந்தாங்க, நீங்களே புடிங்க. அவ ரெண்டாங்கிளாசு போவோணும்."

இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்து நான் கண்டது இவ்வளவுதான்: படிக்கிற பிள்ளை பாதியில் நின்றால் டீச்சர் கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம், ஆனால் அதற்கு முன்னால் வாசலில் நிற்கிற வண்டி மாட்டை அவிழ்த்துக் கட்டிவிடுவது எல்லோருக்கும் நல்லது.