பொத்தானில் சந்தனம்

பழைய டிஸ்க்கை நகலெடுத்த புது ஹார்டு டிஸ்க்கை மாட்டி, பவர் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினேன். "டிஸ்க் இல்லை" என்றே கம்ப்யூட்டர் அடம்பிடித்தது. "பழைய இரும்புக்காரரு வாசல்ல நிக்கிறாரு, ஓடலைன்னா தூக்கிக் குடுத்துருவேன்" என்றார் அம்மா. பொத்தான் இடுக்கில் காய்ந்த சந்தனம் லேசாக மணத்தது.

நான் மூன்றாவது படித்தபோது, ஆயுதபூஜையன்று அப்பா அங்கேதான் பொட்டு வைத்தார். சந்தனம் இறுகிப் பொத்தான் சிக்கிக்கொண்டது. புராஜெக்ட் அடிக்க வந்த அக்கா கொதித்தாள்: "ஏம்ப்பா, இம்புட்டுப் பெரிய பெட்டில வேற எடமே இல்லையா?"

"இதுக்கு நெத்தி எதுன்னு தெரியலத்தா."

அக்கா சிரித்துக்கொண்டே ஊக்கால் நோண்டி, வந்தவரை எடுத்தாள்.

இப்போது நானும் அதை நினைத்துச் சிரித்தபடி பெட்டிக்குள் குனிந்தேன். டிஸ்க் கேபிளின் மறுமுனை தொங்கிக்கொண்டிருந்தது. செருகி அமுக்கினேன். ஓடியது.

அம்மா வாசலுக்குப் போனார். "அண்ணே, எதுக்கும் அடுத்த வாரம் ஒரு நடை வந்து பாருங்க."